வரிசையில் முதல் ஆள்

பேய் பார்க்கவா அந்த ஆபீஸுக்குப் போனேன்? என் மகன் பிறந்தான் என்று எழுதிய ஒரு காகிதம் வாங்கப் போனேன்.

அவன் ஓர் இரவும் ஒரு பகலும் இருந்தான். சந்திரன் என்று அவன் காதில் நான்தான் சொன்னேன். பிறகு மூச்சு நின்றுவிட்டது. பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். பெற்றவளை அங்கே கூட்டிப்போகவும் மாட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதே என் புருஷன் ஹரிஷ்குமாரும் அவர் சித்தப்பாவும் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். அத்தோடு வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

இப்போது வயிற்றில் மறுபடி ஒன்று. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் தாய் கார்டு போடும்போது இது எத்தனையாவது பிள்ளை என்று நர்ஸ் கேட்டார். முதல் பிள்ளை என்றார் இவர், என் முகத்தைக்கூடப் பார்க்காமல். இரண்டாவது என்றேன் நான். முதல் குழந்தைக்குப் பேப்பர் ஏதாவது இருக்கிறதா என்று நர்ஸ் கேட்க, இவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பேப்பர்தானே, கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாங்கள் இருக்கும் ஜீவனஹள்ளியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். கண்டோன்மெண்ட் பக்கத்தில் ஒரு பழைய கல் கட்டடம். பிறப்பு, இறப்புப் பதிவுகளின் நகல் கொடுக்கும் இடம் அது. கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் வரிசை இருக்கும். ஆட்கள் எல்லாம் தூங்குமூஞ்சி மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். வரிசையில் அவர்களுக்குப் பதிலாகப் பையும் ஹெல்மெட்டும் செருப்பும் நிற்கும். யார் பொருளையும் யாரும் நகர்த்த மாட்டார்கள். ரேஷன் கடையில் பழகிய நியாயம் அது.

வரிசையின் தலையில் ஒரு வயர் கூடை இருந்தது. பச்சையும் வெள்ளையுமாகப் பின்னியது. ஒரு கைப்பிடி பிய்ந்து, அங்கே புடவைக் கிழிசலைக் கட்டியிருந்தார்கள். நான் எவ்வளவு சீக்கிரம் போனாலும் அது எனக்கு முன்னால் இருந்தது. ஷட்டரைத் தூக்கியதும் அவரவர் பொருளை எடுத்துக்கொண்டு ஆட்கள் உள்ளே நடப்பார்கள். கூடையை எடுக்க மட்டும் யாரும் வருவதில்லை. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

மரத்தடியில் மேசை போட்டு விண்ணப்பம் எழுதிக்கொடுக்கும் சில்வெஸ்டர் அண்ணனிடம் அது யாருடையது என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"தொடாதம்மா. புள்ளத்தாச்சி வேற. சுத்திப் போ, அவ்ளோதான்."

உள்ளே கவுண்ட்டரில் நாகேஷ் என்று ஒரு கிளார்க். கன்னடக்காரர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. அந்த மனிதர் தலையை நிமிர்த்தி நான் பார்த்ததே இல்லை. விண்ணப்பத்தை வாங்குவார், ஓரமாக வைப்பார், "நாளே பன்னி மேடம்" என்பார். நாளைக்கு வாங்க. அடுத்த நாள் போனாலும் அதேதான். ஒரு வாரமாக எனக்கு நாளைதான் கிடைத்தது.

அவர் ஜன்னலுக்கு மேலே சாக்பீஸால் கன்னடத்தில் ஏதோ எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. 'நாளே பா.' நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் சந்தில் பாதிக் கதவுகளில் இதை எழுதியிருப்பார்கள். ராத்திரி ஒருத்தி வந்து கதவைத் தட்டுவாளாம். நாளைக்கு வா என்று எழுதியிருந்தால் படித்துவிட்டுப் போய்விடுவாளாம். மறுநாள் வந்தாலும் அதையே படிக்க வேண்டியதுதான், பாவம். காகிதம் கேட்டு வருகிற ஜனங்களையே பேய் என்று முடிவுகட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கரண்டும் போனது. நாளைக்கு வரலாம் என்று கூட்டம் கலைந்தது. நான் நகரவில்லை. நாளை என்ற சொல்லையே இனி அந்தக் கிளார்க் வாயிலிருந்து கேட்பதில்லை என்று கவுண்ட்டருக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலுக்கு உள்ளே கம்ப்யூட்டரும் பிரிண்டரும் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நீல வெளிச்சம் நாகேஷின் உச்சந்தலையில் விழுந்தது. மற்றபடி நடையெங்கும் இருட்டு. ஊறிப்போன சுவரின் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது.

எங்கேயோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்தேன்.

சொட்டுச் சத்தம் நடந்து வந்தது.

கூடை வாசலில் இருந்தது. நான் பார்த்தேன்.

பிறகு நடையின் நடுவில் இருந்தது.

பிறகு என் கால் பக்கத்தில் இருந்தது.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. ஈரத்துணியும் புளித்த பாலும். கை தானாக வயிற்றைப் பொத்திக்கொண்டது. எழுந்து ஓடியிருப்பேன். ஆனால் அந்த வாடை எனக்குத் தெரியும். சந்திரனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, குடிக்க ஆளில்லாத பால் என் ரவிக்கையை நனைத்து, காய்ந்து, மறுபடி நனைத்ததே, அதே வாடை.

என் தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

"நாந்தான் மொதல்ல வந்தேன்."

பெண் குரல். சண்டைக் குரல் இல்லை. சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன குரல். பயம் போகவில்லை. அதற்கும் மேலே கோபம் வந்தது. எத்தனை பேர் இந்தக் கூடையைச் சுற்றிக்கொண்டு போயிருப்போம். நானும்தான் போனேன்.

"ஆமா," என்றேன், திரும்பாமல். "நீங்கதான் மொதல்ல."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கவுண்ட்டர் பலகைமேல் வைத்தேன். நாகேஷின் விரல்கள் கீபோர்டில் அப்படியே நின்றன. அவர் நிமிரவில்லை.

"கீழ வெச்சுடுங்க மேடம்," என்று கிசுகிசுத்தார். "ப்ளீஸ்."

"உங்களுக்குத் தெரியுமா சார் இது யாருன்னு?"

அவர் முணுமுணுத்ததைக் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. அந்த அம்மா அவர் வேலைக்குச் சேருவதற்கு முன்பிருந்தே வருகிறாளாம். உயிரோடு இருந்தபோது, பிறந்ததும் இறந்துபோன பிள்ளையின் நகலுக்காக நடையாய் நடந்து, ஒருநாள் இந்த நடையிலேயே விழுந்துவிட்டாளாம். அதன் பிறகும் வரவு நிற்கவில்லை. முன்பு இருந்த கிளார்க்தான் சாக்பீஸால் எழுதிவைத்தாராம். மாற்றலாகிப் போகும்போது சாவிக்கொத்தோடு சாக்பீஸையும் கொடுத்து, அழிந்தால் மறுபடி எழுது, நிமிர்ந்து மட்டும் பார்க்காதே என்று சொன்னாராம்.

"அந்தம்மா ரெகார்டைத் தேடிப் பாத்தீங்களா?"

குனிந்தபடியே இல்லை என்று தலையை ஆட்டினார்.

"என் பிள்ளையோடது?"

அதற்கும் அதே தலையாட்டல்.

இவ்வளவுதானா! வருகிறவர்களில் யார் உயிருள்ளவர், யார் இல்லாதவர் என்று பிரித்துப் பார்க்கப் பயந்துகொண்டு எல்லோருக்கும் ஒரே பதில். பலகைமேல் கையூன்றி எக்கினேன். துப்பட்டாவின் முனையால் அந்தச் சாக்பீஸ் எழுத்தை அழுத்தித் துடைத்தேன். பாதி எழுத்து போனது. எச்சில் தொட்டு மீதியையும் துடைத்தேன்.

நடையில் இருந்த சொட்டுச் சத்தம் நின்றது.

"நாளைக்கு இல்ல சார். இன்னிக்கு. மொதல்ல அவங்களுக்கு."

"பேர் தெரியாது மேடம்," என்றார் அவர். அழுகிற நிலையில் இருந்தார்.

பலகைமேல் ஏதோ மெத்தென்று விழுந்தது. ஈரமான ஒரு துணிப்பட்டை. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் காலில் கட்டுவார்களே, அதுதான். மை கலங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. பேர் வைக்காத பிள்ளைக்குத் தாயின் பேர்தான் பேர். 'சரசுவின் குழந்தை, ஆண்.' கீழே தேதி.

நாகேஷ் தட்டச்சினார். தப்பாகி, மறுபடி தட்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கழுத்தின் பின்னால் இன்னொரு மூச்சும் நின்றிருந்தது.

இருந்தது. இத்தனை காலமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

பிரிண்டர் காகிதத்தைத் துப்பியது. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் வழியே நீட்டினார். அவர் கையை விட்ட பிறகும் காகிதம் கீழே விழவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு காகிதமும் இல்லை, கூடையும் இல்லை. பலகைமேல் ஈரம் மட்டும் வட்டமாக இருந்தது.

"அடுத்து," என்றார் நாகேஷ். முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நல்ல முகம்தான், தூக்கம் இல்லாத முகம்.

வீணாவின் குழந்தை, ஆண். என்னுடையதும் இருந்தது. அதைக் கையில் வாங்கியபோது நான் சத்தம் போட்டு அழுதேன். காகிதத்தை நெஞ்சோடு சேர்த்து மூடிக்கொண்டு மழையில் பஸ் ஏறினேன். காலையில் வரிசையில் கழற்றி வைத்த செருப்பு அங்கேயே கிடப்பது வீட்டுப் படியேறும்போதுதான் நினைவுக்கு வந்தது.

இவர் முன்னால் காகிதத்தை விரித்து வைத்தேன். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். பேர் போடுகிற இடம் காலியாக இருக்கிறதே என்றார் கடைசியில். அதையும் எழுதி வாங்குவேன் என்றேன்.

மறுநாள் காலை மறுபடி போனேன். பிறந்ததற்கு ஒரு நகல், இறந்ததற்கு இன்னொரு நகல். பெற்று இழந்தவளுக்கு இரண்டும் வேண்டும். அன்று நான் நேரம் கழித்துத்தான் போனேன். வரிசை கேட் வரைக்கும் நீண்டிருந்தது. இன்று எனக்கு இடம் கிடைத்தாற்போலத்தான் என்று நினைத்துக்கொண்டே அதன் தலைப்பக்கம் பார்த்தேன்.

வயர் கூடை இருந்தது, வழக்கம்போல முதலில்.

அதற்குப் பின்னால் என் செருப்பு இருந்தது. இரவெல்லாம் மழை பெய்தும் துளி ஈரமில்லை. ஜோடி சேர்த்து, ஜன்னலைப் பார்த்து நேராக வைத்திருந்தது.

வைத்தது யார் என்று நான் யாரையும் கேட்கவில்லை. போய் என் இடத்தில் நின்றேன். ஷட்டர் ஏறியது. ஜன்னலுக்கு மேலே புதிதாக எதுவும் எழுதியிருக்கவில்லை. பின்னால் இருந்தவர், கூடையைச் சுற்றிப் போம்மா என்று அவசரப்படுத்தினார். அவங்க எனக்கு முன்னாடி வந்தவங்க, அவங்களுக்கும் இன்னொரு நகல் வாங்கணும் என்றேன்.

குனிந்து கூடையைத் தூக்கினேன். நேற்று அது காலியாக இருந்தது. இன்று கனத்தது. கதகதப்பாக இருந்தது. உள்ளே ஏதோ லேசாகப் புரண்டு படுத்தது.

தலைக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, கவுண்ட்டரைப் பார்த்து நடந்தேன்.