செங்கனியின் சதை

நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருந்தும் புறாக்கள் மெலிந்துகொண்டு வந்தன.

காட்டில் வைத்திருந்த எடைமேடைகளில் அவை அமரும்போதெல்லாம் சகாயராணியின் திரையில் எண் குறைந்தது. அழிந்துபோன இந்தப் பறவையைப் பழைய இறகுகளின் மரபணுவிலிருந்து உயிர்ப்பித்ததில் அவளுடைய பாதி வாழ்நாள் போயிருந்தது. நோய் என்றுதான் முதலில் நினைத்தாள். எச்சத்தைச் சோதித்தாள், கிருமி இல்லை, புழு இல்லை. கிழிந்த தோலையும் கொட்டையையும் தவிர அதில் எதுவுமே இல்லை.

பெருந்தொண்டைப் புறா இந்தத் தீவுக் காட்டில் மட்டுமே வாழ்ந்தது. செங்கனி மரத்தின் பழத்தை, நெல்லிக்காய் அளவுள்ள கொட்டையோடு அப்படியே விழுங்கும். சதை செரித்துவிடும், கொட்டை வேறோர் இடத்தில் விழுந்து முளைக்கும். மனிதனைக் கண்டு பயப்படத் தெரியாத பறவை. கப்பலில் வந்தவர்கள் கம்பால் அடித்தே தின்று தீர்த்தார்கள். அதன்பின் பழங்கள் மரத்தடியிலேயே விழுந்து அழுகின, காடு சுருங்கியது. அதைக் காப்பாற்ற வந்தவைதான் விதைத்தும்பிகள். சாப்பாட்டுத் தட்டளவு பறக்கும் பொறிகள். ஒளிக்கண்ணால் சிவப்பைத் தேடிப் பழத்தைப் பறித்து, உரித்து, கொட்டையைத் தொலைவில் ஊன்றும். முந்நூறு ஆண்டுகளாக ஊன்றுகின்றன.

தும்பிகளைப் பராமரிக்கும் குலோத்துங்கன் ஒரு செங்கனியை அறுத்து அவள் முன் வைத்தான். அரக்குப் போல மின்னும் தோல். அதன் கீழ் நேராகக் கொட்டை.

“சதை எங்க தம்பி?”

“அதைத்தான் நானும் தேடுறேன்க்கா.”

அருங்காட்சியகத்திலிருந்து, சாராயத்தில் ஊறிய பழங்காலச் செங்கனி ஒன்றை வரவழைத்தார்கள். அதில் விரல் கனத்துக்குச் சதை இருந்தது. சகாயராணிக்கு அப்போதுதான் விளங்கியது. சதை என்பது, விதையைச் சுமப்பவருக்கு மரம் கொடுக்கும் கூலி. தும்பிக்குப் பசி கிடையாது. அது நிறத்தை மட்டுமே பார்த்தது. சதைக்குச் சர்க்கரையைச் செலவழித்த மரத்தைவிட, அதே சர்க்கரையில் இன்னும் நாலு பழம் சிவக்கவைத்த மரத்துக்கே பிள்ளைகள் பெருகின. யாரும் திட்டமிடவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காடு கூலி கொடுப்பதை மறந்துபோனது.

புறாக்களைப் பிடித்து மறுபடி கூண்டில் அடைக்கும்படி தலைமை நிலையம் சொல்லிவிட்டது. அவளுக்கு மனம் வரவில்லை.

குலோத்துங்கன் ஒரு வழி சொன்னான். இனிமேல் தும்பிகள் பழத்தை அமுக்கிப் பார்த்து, கொஞ்சமாவது மெத்தென்று இருப்பதை மட்டும் ஊன்றட்டும், சதை திரும்பிவிடும். எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டாள். போவதற்கு ஆன காலம் வருவதற்கும் ஆகும் என்றான். அதுவரை தும்பிகளே பழக்கூழைக் கிளைகளில் வைத்துப் புறாக்களுக்கு ஊட்டலாம்.

அவள் சம்மதித்தாள். தும்பிகளில் கூழை நிரப்பிக்கொண்டிருந்தவன் பாதியில் கையை நிறுத்தினான்.

“அக்கா, கூழு தின்ன இவ்வளவு பெரிய தொண்டை எதுக்கு?”

“உருண்டையாப் பிடி. உள்ள கொட்டைய வை.”

“வச்சாலும் கூழை மட்டும் கொத்திட்டுப் போயிடும். சின்னத் தொண்டை இருக்கிறதும் பொழைச்சுக்கும். பழத்துல சதை வர்றப்ப, புறாவுக்கு அதை விழுங்கத் தொண்டை இருக்காதே.”

சகாயராணி நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடினாள். அவன் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முயன்றாள். கிடைக்கவில்லை.

“தும்பிய விட்டாங்களே, அவங்களும் நம்மள மாதிரிதான் தம்பி. கண்ணு முன்னாடி காடு சாகுதேன்னு விட்டிருப்பாங்க.”

“அப்ப என்ன செய்யட்டும்?”

“அனுப்பு. புறா பசியோட இருக்கு.”