செவ்வாய்க்கிழமை விழுந்த சர்வர்

புதன்கிழமை, விடியற்காலை ஐந்து மணி.

காரைக்கால்மேட்டுக் கரையில் படகுகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. பாரதி கைப்பேசியில் மீனவர் சங்கத்தின் இணையதளத்தைத் திறந்தாள். தளம் திறந்தது, உள்ளே ஒன்றுமில்லை. படகுகளின் பெயர்கள், அவற்றில் போகும் ஆட்கள், ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது என்ற எண்கள், அத்தனையும் துடைத்தெடுக்கப்பட்டிருந்தன. இரண்டு வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கி அவள் சேர்த்தவை.

மூடித் திறந்தாள். மறுபடியும் மூடித் திறந்தாள்.

இரவில் காற்று பலக்கும், சாயங்காலத்துக்குள் கரை திரும்பிவிடுங்கள் என்று அறிவிப்பு வந்திருந்தது. யார் கடலில் இருக்கிறார், யார் திரும்பிவிட்டார் என்று ஊர் பார்த்துக்கொள்வது இந்தத் தளத்தில்தான். அவளுடைய தம்பி கலைவாணன் இப்போதுதான் படகேறிப் போயிருந்தான்.

போதாததற்கு, இன்று மாலை ஆறு மணிக்கு ஏலக்கூடத்தில் கூட்டம். தளத்தை எந்தக் கம்பெனியின் சர்வரில் வைப்பது என்று ஊரே இரண்டு பட்டுக் கிடந்தது. பாரதி சொன்னது ‘நங்கூரம்’. போன் செய்தால் தமிழில் பேசுவார்கள், விலை கட்டுப்படியாகும், தினமும் நகல் எடுத்து இரண்டு நாள் வைத்திருப்பார்கள். டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் அம்பகரத்தூர்க்காரன் நெடுமாறன் சொன்னது ‘வான்கோட்டை’. விலை இரண்டு மடங்கு. எத்தனை பேர் ஏறினாலும் படுக்காது என்று சத்தியம் செய்தான். கடைசியில் பாரதியின் பேச்சுதான் எடுபட்டது. ஒரு மாதம் நங்கூரத்தில் வைத்துப் பார்ப்போம் என்றார்கள். அந்த ஒரு மாதம் இன்றோடு முடிகிறது.

நங்கூரத்துக்குப் போன் போட்டாள்.

“சர்வர் படுத்துச்சாங்க?”

“இல்லைங்க. நேத்துக் காலைல அஞ்சேகாலுக்கு யாரோ பாஸ்வேர்டு போட்டு உள்ள வந்து அழிச்சிருக்காங்க.”

“யாருன்னு தெரியுமா?”

“எல்லாரும் ஒரே பாஸ்வேர்டு வச்சிருக்கீங்க. எப்படிங்க தெரியும்?”

“திரும்ப எடுக்கலாமா?”

“திங்கக்கிழமை ராத்திரி எடுத்த நகல் இருக்கு. இன்னைக்கு ராத்திரி பன்னெண்டுக்கு அதுக்கு மேல புதுசு ஏறிடும். அதுக்குள்ள உங்க தலைவர் போனுக்கு வர்ற ஓடிபியைச் சொல்லணும்.”

பாஸ்வேர்டு மூன்று பேரிடம் இருந்தது. அவள், கலைவாணன், தளத்தை நங்கூரத்துக்கு மாற்றிக்கொடுத்த நெடுமாறன். நேற்று ஐந்தேகாலுக்கு அவளும் தம்பியும் காத்தமுத்துவின் சாவு வீட்டில் இருந்தார்கள். திங்கள் இரவு போன உயிர், நேற்று மதியம்தான் எடுத்தார்கள். ஆனால் இடுப்பில் போன் இருக்கும்போது, சாவு வீட்டில் இருந்தேன் என்பதை யார் சாட்சியாக ஒப்புக்கொள்வார்கள்?

தலைவர் கண்ணையன் வலை உலர்த்துமிடத்தில் இருந்தார்.

“ஓடிபியை யாருக்கும் சொல்லாதேன்னு பேங்குல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கான் பாப்பா.”

“இது பேங்க் இல்ல பெரியப்பா.”

“நெடுமாறன் தம்பியக் கேட்டேன். குடுத்தா மிச்சமும் போயிடும்ங்குது. கூட்டத்துக்கு வந்து, வேற கம்பெனில ஏத்தி, எல்லாத்தையும் மீட்டுத் தர்றேன்னுச்சு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஊர்ல உன் தம்பி பேருதான் அடிபடுது. கண்டதை அமுக்கித் தொலைச்சிருப்பான்ங்குறாங்க.”

பாரதிக்கு முகம் சுண்டிப்போனது. தன்னைச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வாள்.

காலை பத்தரை. நெடுமாறனின் கடை.

“வா தங்கச்சி. மோர் சாப்பிடுறியா?”

“வேண்டாம்ணே. பாஸ்வேர்டு போட்டு அழிச்சிருக்காங்கன்னு கம்பெனில சொல்றாங்க.”

“தன் தப்பை எவன் ஒத்துக்குவான்? நான் நேத்துக் காலைல இங்க உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். படகு கெளம்புற நேரம். அம்பது, அறுபதுன்னு ஏறிக்கிட்டே போகுது. எல்லாரும் ஒரே நேரத்துல அமுக்குறாங்க. பொத்துன்னு விழுந்துடுச்சு.”

“விழுந்தா உள்ள இருக்கிறதும் போயிடுமாண்ணே?”

“மட்டமான சர்வர்னா போகும். நான் அன்னைக்கே சொன்னேன், நீ கேக்கல.”

அவன் குரலில் அனுதாபம் வழிந்தது. பாரதி கடையை விட்டு இறங்கினாள். நாம்தான் ஊரைக் கெடுத்துவிட்டோமோ? மலிவு என்று நினைத்து உயிர்களை அடகு வைத்துவிட்டோமோ? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளுக்கு இதே நினைப்புதான்.

வீட்டில், காலை மீனை டவுனில் விற்றுத் திரும்பிய அம்மா அஞ்சுகம் கூடையைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளும் எரிச்சலில் இருந்தாள்.

“பாரதியார் ரோட்டு அம்மாவுக்கு என்ன கோவங்குற! நேத்து ஏன் வரல, விருந்தாளிய வச்சுக்கிட்டுச் சாம்பார் வச்சேன்னு சண்டைக்கு வந்துடுச்சு. சொன்னாலும் அதுவளுக்குப் புரியுதா?”

தண்ணீர்ச் சொம்பு பாரதியின் வாயருகே நின்றுவிட்டது.

“என்னம்மா சொன்ன?”

“சாம்பாரைச் சொன்னேன்டி.”

சொம்பை வைத்துவிட்டு, நேற்று யாராவது தளத்தைத் திறந்தார்களா என்று கேட்கக் கரைக்கு ஓடினாள்.

மாலை ஆறு மணி. ஏலக்கூடம் நிரம்பி வழிந்தது. காற்று இப்போதே மணலை வாரி அடித்தது. காலையில் போன படகுகள் திரும்பிவிட்டன. கலைவாணன் மட்டும் வரவில்லை. அவன் போனும் அணைந்து கிடந்தது. அஞ்சுகம் கூட்டத்தைப் பார்க்காமல் கடலையே பார்த்து நின்றாள்.

பாரதி எழுந்து நின்றாள்.

“நெடுமாறண்ணே, எங்கிட்டச் சொன்னதை எல்லார்கிட்டயும் சொல்லுங்க.”

நெடுமாறன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னான். ஐம்பது, அறுபது, பொத்தென்று விழுந்தது. கதை நன்றாக மெருகேறியிருந்தது.

“எந்தக் கெழமைண்ணே?”

“செவ்வாய்க்கெழமை. நேத்து விடியக்காலை.”

“நம்ம ஊர்ப் படகெல்லாம் கெளம்புனதை நீங்களே பாத்தீங்க?”

“என் கண்ணால பாத்தேன் தங்கச்சி.”

முன்வரிசையில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த காத்தமுத்துவின் மகன் மெதுவாக நிமிர்ந்து பார்த்தான். நெடுமாறனுக்கு எதுவும் விளங்கவில்லை. வயல் சூழ்ந்த ஊரில் பிறந்தவன். அங்கே சாவு விழுந்தாலும் நாற்றங்காலுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.

கண்ணையன்தான் வாயைத் திறந்தார். “ஊர்ல பொணம் கெடக்கும்போது எங்க ஆளு ஒருத்தனும் கடல்ல கால் வைக்கமாட்டான் தம்பி. நேத்து ஒரு படகுகூட எறங்கல.”

“எறங்காத படகை எண்ணியிருக்காரு பெரியப்பா,” என்றாள் பாரதி. “நேத்து ஒருத்தரும் தளத்தைத் தொறக்கவே இல்ல. அதனாலதான் காலியானது இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியல. அஞ்சேகாலுக்கு அது போச்சுன்னு கம்பெனிக்காரங்களுக்குத் தெரியும். அழிச்சவருக்கும் தெரியும். அந்த நேரத்துக்கு ஒரு கூட்டம் வேணுமேன்னு படகைக் கெளப்பிட்டாரு.”

நெடுமாறனின் முகம் வெளிறியது. “எங்கிட்ட நகல் இருக்குதுங்க. இன்னைக்கே வான்கோட்டைல ஏத்திக் குடுத்து நல்ல பேரு வாங்கலாம்னு பாத்தேன். யாருக்கும் நட்டமில்லைங்க...”

“ராத்திரி காத்துன்னு தெரியுமா உனக்கு?” என்று கேட்டார் கண்ணையன்.

“அவன் நகல் நமக்கு வேணாம்.” தலைவர் தம் போனை எடுத்துப் பாரதியின் கையில் வைத்தார். “நம்பர் வந்தா நீயே சொல்லிக்க. எந்தக் கம்பெனிங்கிறதையும் நீயே முடிவு பண்ணு.”

பாரதி மறுபடியும் நங்கூரத்துக்குப் பேசினாள், ஓடிபி வந்தது, சொன்னாள். நங்கூரத்துப் பெண், “கொஞ்சம் இருங்க,” என்றாள். அந்தக் கொஞ்ச நேரம் பாரதிக்கு யுகமாக நீண்டது. பிறகு பக்கம் நிரம்பியது. படகுகள், பெயர்கள், எண்கள்.

கூட்டம் ஆரவாரித்தது. பாரதியின் காதில் அது விழவில்லை. விரல் தம்பியின் படகைத் தேடியது. கூடப் போகிறவன்: மாரிக்கண்ணு, ஊர் கருக்களாச்சேரி. ஆபத்து என்றால் கூப்பிட வேண்டியவர்: மனைவி. அந்த எண் ஊரில் வேறு யாரிடமும் இல்லை. அழுத்தினாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள்.

“ஹலோ, யாருங்க?”

“காரைக்கால்மேட்டுலேருந்து பேசுறேன். மாரிக்கண்ணு போன படகு...”

“காத்து தூக்குதுன்னு இங்கயே கரை புடிச்சுட்டாங்க. ரெண்டு பேரு போனும் தண்ணில போச்சு. உங்க நம்பரு எதுவும் எங்ககிட்ட இல்ல, பதறிக்கிட்டு இருக்கோம். இந்தா, ரெண்டும் இங்கதான் சோறு தின்னுக்கிட்டு இருக்கு.”

பாரதி சொல்ல வாயெடுக்குமுன் அஞ்சுகம் போனைப் பிடுங்கிக்கொண்டாள். முதலில் மகனைத் திட்டித் தீர்த்தாள். பிறகு, குழம்பு என்னவென்று கேட்டுவிட்டு, ஏலக்கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.