ஆணியில் தொங்கிய குண்டுப் பாப்பா

அப்போதெல்லாம் சிங்காநல்லூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு காலண்டர் குழந்தை இருக்கும். தொடையில் மூன்று மடிப்பு, கன்னத்தில் குழி, கையில் ஓர் ஆப்பிள். தேதித் தாள்கள் தீர்ந்தாலும் குழந்தையை மட்டும் யாரும் கழற்ற மாட்டார்கள். அன்புக்கரசி வீட்டிலும் அடுப்படிக்கு எதிரே அது ஆணியில் தொங்கியது.

அவள் அம்மா மெர்சிக்கு அதுதான் அளவுகோல்.

"அந்தப் பாப்பாவைப் பாரு கண்ணு! நம்ம ஸ்டீபன் மட்டும் ஓணானாட்டம் இருக்கறான்" என்றபடி தம்பிக்கு இன்னோர் உருண்டை ஊட்டுவாள். நெய்யும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்த சோற்று உருண்டை. மூன்று வயது ஸ்டீபன் அதைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, அம்மா திரும்பியதும் வாசல் நாய்க்குக் கொடுத்துவிடுவான். அந்த வருஷம் தெருவில் நன்றாகக் கொழுத்தது அந்த நாய்தான்.

கிறிஸ்துமஸுக்கு சர்ச் மைதானத்தில் கொழுகொழு குழந்தைப் போட்டி நடக்க இருந்தது. ஸ்டீபன் பிறந்தபோது ஒன்றே முக்கால் கிலோதான். பார்க்க வந்தவர்கள் "இது தேறுமா?" என்று கேட்டதை அம்மா மறக்கவே இல்லை. அவனுக்குப் பரிசு வாங்கிக் கொடுத்து அவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்று துடித்தாள்.

ஒரு சனிக்கிழமை, மில் சங்கு ஊதியபின் அப்பா ஜெரோம் வேலையிலிருந்து வீடு திரும்பியிருந்தார். அவர் சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்கும் ஆஸ்பத்திரியிலிருந்து கோமளா என்ற அக்கா நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்.

"ஏனுங்க, நீங்க பொறந்தப்ப எத்தனை எடை இருந்தீங்க?"

அப்பா சிரித்துவிட்டார். "முப்பத்திரண்டு வயசுல வந்த சர்க்கரைக்குப் பொறந்த எடை எதுக்குங்க மேடம்?"

ஆனாலும் டிரங்குப் பெட்டியைக் குடைந்து பழைய சீட்டு ஒன்றை எடுத்தார். "நாலு பவுண்டுங்க. குஞ்சாட்டம் இருந்தனாம். நெய்யும் சர்க்கரையுமா ஊட்டி, ஏழு வயசுல பூசணிக்காயாட்டம் ஆக்கிப்போட்டாங்க."

அன்புக்கரசிக்குச் சுரீரென்றது. நெய்யும் சர்க்கரையும்!

"நாலு பவுண்டுன்னா எத்தனை கிலோங்க அக்கா?"

"ஒன்னே முக்காலுக்குச் சித்த மேல கண்ணு."

"தம்பியும் அப்படித்தானுங்க பொறந்தான்! அவனுக்கும் சர்க்கரை வந்துருங்களா?"

"கண்டிப்பா வரும்னு இல்ல. சின்னதாப் பொறந்து, அப்புறம் மளமளன்னு குண்டாகறவங்களுக்குப் பெரியவங்களானா அதிகமா வருதோன்னு டாக்டருங்க பாக்கறாங்க. இன்னும் முழுசாத் தெரியல. அதுக்குத்தான் ஊடு ஊடாக் கேக்கறோம். தம்பி பசிக்கு நல்லாச் சாப்பிடட்டும், திணிக்க வேண்டாம்."

கோமளா அக்கா போனதும் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஓணானாவே இருக்கட்டும்! ஊரே சிரிக்கட்டும்!"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பதை அன்புக்கரசி பார்த்துவிட்டாள். அவளுக்கும் அழுகை வந்தது. 'தேறுமா' என்ற அந்தப் பழைய கேள்வி அம்மாவை இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

பெட்டியைத் திறந்தாள். ஸ்டீபனின் எடை அட்டை அடியில் கிடந்தது. பால்வாடியில் மாதாமாதம் எடைபோட்டு வைத்த புள்ளிகள், யாரும் சேர்க்காமலே இருந்தன. சிவப்புப் பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போனாள்.

"அம்மா, இங்க பாருங்க. கீழ இருக்கறது அவன் பொறந்தப்ப. இது காய்ச்சல்ல படுத்தப்ப, சித்த எறங்கிருக்குது. இது போன மாசம். இந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருந்தா நல்லா வளர்றான்னு அட்டையிலயே போட்டிருக்குதுங்க. போன மாசப் புள்ளி அதுக்குள்ளதான் இருக்குது. தம்பி தேறிட்டானுங்கம்மா!"

அம்மா முதல் புள்ளியில் விரலை வைத்தாள். சிவப்புக் கோட்டின்மேல் மெதுவாக நகர்த்தி உச்சிக்குப் போனாள். திரும்பவும் கீழிருந்து தொடங்கினாள்.

"இத்தனை தூரம் ஏறி வந்துட்டானா எம்பையன்!"

போட்டிக்கு எல்லோரும் போனார்கள், வேடிக்கை பார்க்க. மேடையிலேயே தூங்கிவிட்ட ஒரு குண்டுப் பையனுக்குப் பரிசு கிடைத்தது. எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவன் ஸ்டீபன்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா காலண்டர் குழந்தையைக் கழற்றினாள். அதே ஆணியில் எடை அட்டையை மாட்டினாள். மஞ்சளாகி ஓரம் கிழியும்வரை அது அங்கேயே தொங்கியது. இன்று மில் சங்கும் இல்லை, அந்த வீடும் இல்லை. அந்த ஆணியை நினைத்தால் அன்புக்கரசிக்கு இன்னமும் மனம் நிறைந்துவிடும்.

போட்டி நடந்த அன்று ராத்திரி ஸ்டீபன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "போதுங்கம்மா" என்றான்.

"சரி கண்ணு" என்று அம்மா தட்டை எடுத்துவிட்டாள்.

வாசலில் நாய் மட்டும் வெகுநேரம் காத்துக்கொண்டிருந்தது.