விரல் மட்டும்தான்

மதியம் வார்டுக்குள் நுழைந்த டாக்டரின் முகத்தில் அப்படியொரு தெளிவு. விசாரணையில் தப்பித்துவிட்டார்.

"முடிவு மெஷினோடது சிஸ்டர். நான் விரல் மட்டும்தான் வச்சேன். அதையேதான் அங்கயும் சொன்னேன். விட்டுட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் என்ன மருந்து என்று மெஷின் சொல்லும். டாக்டர் படித்துப் பார்த்து, சரியென்றால் திரையில் கட்டைவிரலை வைக்க வேண்டும். வைத்ததுமே மருந்து தானாகக் குழாயில் இறங்கும். இந்த மனிதர் படிப்பதே இல்லை. பீப் சத்தம் கேட்டால் போதும், போனில் பேசிக்கொண்டே கை மட்டும் திரைக்குப் போகும்.

மாடிப்படியில் விழுந்து வந்த அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான். தலைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மெஷின் அதை அடைப்பு என்று நினைத்து, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சொன்னது. "ஒரு தடவை பாத்துடுங்க சார்" என்றேன். அதற்குள் விரல் போய்விட்டது. மூக்கு, வாய், காது என்று ரத்தம் வழிய, என் கையைப் பிடித்தபடியே செத்துப்போனாள். பாவி, அப்போதும் போனை வைக்கவில்லை.

அவள் கிடந்த மூலைப் படுக்கை இன்று காலி. அதன் மெஷின் திரை தானாக ஒளிர்ந்தது.

பீப்.

அதே மருந்து.

"யாரு இதை ஆன் பண்ணது?" பழக்கதோஷம், திரும்பிப் பார்க்காமலே விரலை வைத்தார்.

விரல் திரும்பி வரவில்லை.

இழுத்தார். நகம் பிய்ந்தது. "ஐயோ, சிஸ்டர்!" இடுப்பைப் பிடித்து நானும் இழுத்தேன். உள்ளேயிருந்து யாரோ முறுக்கினார்கள். எலும்பு மளுக்கென்று உடைந்தது. காலிப் படுக்கையிலிருந்து ஈனக்குரல் ஒன்று கேட்டது.

"விரல் மட்டும்தானே, டாக்டர்?"

வேரோடு பிய்ந்தது.

கட்டினேன், அழுத்தினேன், ரத்தம் உறையவே இல்லை. பிறகு மூக்கிலிருந்து வந்தது. பிறகு காதிலிருந்து. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பாத்திருக்கணும்" என்றார். அதை விசாரணையில் சொல்லியிருக்கலாம்.

திரையை உடைத்துப் பார்த்தார்கள். விரல் கிடைக்கவில்லை.

இப்போது வேறு திரை, வேறு டாக்டர். சின்னப் பெண், ஒவ்வொரு வரியாகப் படிப்பாள். இன்று காலை மூலைப் படுக்கைக்கு ஒரு பெரியவர் வந்தார். அவள் படித்து முடிப்பதற்குள் மருந்து இறங்கத் தொடங்கியது. நான் பாய்ந்து ஊசியைப் பிடுங்கி எறிந்தேன்.

"யாரு சிஸ்டர் விரல் வச்சது?"

திரைக் கண்ணாடியில் சிவப்பாக ஒரு கட்டைவிரல் தடம். துடைத்தேன். போகவில்லை.

அது உட்பக்கம் இருந்தது.