பச்சைச் செருப்பு

ஆறு வயது வேலப்பன் அன்று காலை தானே கன்னத்தில் தனாக்கா என்ற மரப்பட்டைச் சந்தனத்தைப் பூசிக்கொண்டான். பூசினான் என்றா சொன்னேன்? சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி அப்பியிருந்தான்!

"யாரைப் பார்க்கடா இவ்வளவு அலங்காரம்? காட்டுக் குரங்கையா?" என்று சிரித்தாள் அக்கா உமையாள். அவளுக்குப் பத்து வயது.

"சொல்ல மாட்டேன்," என்று தோள்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான் வேலு.

ஒவ்வோர் ஆண்டும் மழை ஓய்ந்து, அவர்கள் குடியிருக்கும் லான்மடாவ் தெருக்களில் தடின்ஜூட் பண்டிகை விளக்குகள் தொங்கும் நாட்களில், குடும்பமாக மாவ்பி ஊருக்கு அப்பால் உள்ள பழைய காட்டுக்குப் போவார்கள். போன வருஷம் நான்கு பேர் போனார்கள். இந்த வருஷம் மூன்று பேர்தான். மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா அங்கேயே இறந்துபோனாள்.

அந்த நாட்களில் வேலு பக்கத்து வீட்டு ஃபஹீமா மாமியிடம் இருந்தான். அவனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. "அம்மா எங்கே?" என்று அவன் கேட்டபோது, அப்பா சிவநாதன் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். "அம்மா நம்ம காட்டுக்குப் போயிருக்காங்கடா." பாவம், அந்த மனிதருக்கு வேறு சொல்ல நா எழவில்லை.

முன்பெல்லாம் அம்மா மாடிப்படி ஏறினால், அவளுடைய பச்சை ரப்பர் செருப்பு ‘சடக், சடக்’ என்று நாலாம் மாடி வரை கேட்கும். உடனே வேலு டிவியை அணைத்துவிட்டுப் பாடப் புத்தகத்தை விரிப்பான், அதுவும் தலைகீழாக! இப்போது டிவி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

லைன்கார் பஸ்ஸிலிருந்து இறங்கிக் காட்டுக்குள் நடந்தார்கள். எந்தக் காலத்து மரங்களோ! அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும், உச்சி தெரியாது. மழையில் ஊறிய இலைகள் வழியெல்லாம் கிடந்தன. அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். ஒரு சேற்று மேட்டில் உமையாளின் செருப்பு வார் அறுந்துபோயிற்று. அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமல் வெறுங்காலோடு நடந்தாள். அவர் முகம் அன்று அப்படி இருந்தது.

எப்போதும் உட்காரும் பெரிய கன்யின் மரத்தடியில் சாப்பாட்டைப் பிரித்தார்கள். வேலு தன் தேங்காய்ச் சோற்றில் பாதியை இலையில் மூடி வைத்தான்.

"ஏன்டா, வயிறு சரியில்லையா?" என்றார் அப்பா.

"இது அம்மாவுக்கு."

அப்பா பாத்திரங்களைக் கழுவ ஓடைப் பக்கம் போய்விட்டார். வேலு தோள்பையைத் திறந்தான். உள்ளே அம்மாவின் பச்சைச் செருப்பு! வாசலில் அதைக் காணாமல், யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள் என்றல்லவா உமையாள் நினைத்திருந்தாள்?

"அம்மா செருப்பு போடாமலே வந்துட்டாங்க அக்கா. கால்ல முள்ளு குத்தும்ல? அதான் எடுத்துட்டு வந்தேன்."



அப்பா திரும்பி வந்து, "கிளம்பலாம், கடைசி வண்டி போயிடும்," என்றார்.

"நான் வர மாட்டேன். அம்மா வந்ததும் சேர்ந்து வர்றேன்." வேலு மரத்தின் வேரைக் கட்டிக்கொண்டான். தூக்கினால் கதறினான்.

"அம்மா... அடுத்த வருஷம் வருவாங்கடா," என்றார் அப்பா. குரல் உடைந்தது. "உமா, நீ அவனைக் கூட்டிட்டு வாம்மா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்ல முன்னால் நடந்தார்.

அடுத்த வருஷமா? அப்படியானால் அடுத்த வருஷமும் தம்பி இதே பையைத் தூக்கிக்கொண்டு வருவானே! இதே மரத்தடியில் சோற்றை மூடி வைப்பானே! உமையாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேலு, அக்கா நிஜத்தைச் சொல்றேன். அம்மா இங்க இல்ல. ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போயிட்டாங்க."

"பொய்! அப்பா சொன்னாரு!"

"அப்பாவால சொல்ல முடியலடா. சொன்னா அழுதுடுவாரு."

வேலு அவளை இரண்டு கையாலும் அடித்தான். அவள் தடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, அவள் மடியில் விழுந்து அழுதான். உமையாளும் அழுதாள். தனாக்கா எல்லாம் கரைந்து அவள் சட்டையில் ஒட்டியது.

"இனிமே வரவே மாட்டாங்களா?"

"மாட்டாங்கடா."

"நான் தேடினா?"

"தேடினாலும் வர மாட்டாங்க. ஆனா நான் இருக்கேன். அப்பா இருக்காரு."

அழுகை ஓய்ந்ததும் தலையைத் தூக்கினான். முதலில் கண்ணில் பட்டது அக்காவின் கால். சேறும் கீறலுமாக இருந்தது. போதாக்குறைக்கு ஓர் அட்டை வேறு!

"அய்யய்யோ, அக்கா! உன் செருப்பு எங்க?"

"அறுந்துபோச்சு."

வேலு ஒரு குச்சியால் அட்டையைத் தள்ளிவிட்டான். பச்சைச் செருப்பை எடுத்து ஒரு நிமிஷம் மடியில் வைத்துக்கொண்டான். பிறகு அக்காவின் காலடியில் வைத்தான்.

"நீ போட்டுக்கோ."

இருவரும் கைகோத்து நடந்தார்கள். செருப்பு பெரியது. காலை இழுத்து இழுத்துத்தான் நடக்க முடிந்தது. சடக், சடக், சடக்.

முன்னால் போய்க்கொண்டிருந்த அப்பா சட்டென்று நின்றார். திரும்பவில்லை. அவர் தோள்கள் மட்டும் குலுங்கின.

வேலு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்பா, அக்கா எங்கிட்ட சொல்லிட்டா. நீங்க அழுதா அழுங்கப்பா. நானும் அழுதேன்."

அப்பா அப்படியே சேற்றில் மண்டியிட்டு அவனை அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை அது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உமையாளின் காலைப் பார்த்தார்.

"உனக்கு ரொம்பப் பெரிசா இருக்கேம்மா," என்றார்.

"பரவாயில்லப்பா," என்றாள் உமையாள். "நான் வளர்ந்துடுவேன்."