நானூறாம் நம்பர் உப்புத்தாள்

காலை 9.20. பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் அரங்கத்தின் பட்டறையில் சாம்பியன் அக்கா தன் பந்தின் மேலிருந்த துணியை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நீலமும் மஞ்சளும் சுழிசுழியாகக் கலந்த அந்தப் பந்து முழுக்கக் கோணல்மாணலான கீறல்கள். நேற்று மாலை தம்பி கையாலேயே தேய்த்துப் பதமாக வைத்துவிட்டுப் போன பந்து, இப்போது தொட்டால் நகத்தைப் பிடித்தது. பக்கத்திலேயே சொரசொரப்பான நானூறாம் நம்பர் உப்புத்தாள் ஒன்று கிடந்தது.

பதினோரு மணிக்கு இறுதிப் போட்டி. இந்தக் கோலத்தில் உருட்டினால் பந்து பாதி வழியிலேயே வளைந்து ஓரப் பள்ளத்தில் விழும்.

"நேத்து நாலு பேர் முன்னாடி திட்டினேன். அதுக்கு இதுவாடா கைம்மாறு?" என்றாள் அக்கா.

தம்பி வாயைத் திறக்கவில்லை. கோபம் வந்தால் வாயடைத்துப் போகிற ரகம் அவன். அது அவனுக்கு எப்போதும் எதிராகவே வேலை செய்யும்.

"ஏப்ரனைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பு. இனிமே எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல."

ஏப்ரன் மேசைக்கு வந்தது. அந்த நேரத்தில் வாசலில் ஒரு தொண்டை செருமியது.

இன்ஸ்பெக்டர் அம்மா விடுமுறை எடுத்துக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்தவர். முதல் வரிசையில் இடம் பிடிக்க முன்னாலேயே வந்து, சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். ஸ்டேஷனில் அவருக்குப் பட்டப்பெயர் 'துருவி'. அது தனக்குத் தெரியாது என்று ஸ்டேஷன் நம்புவதையும் அவர் அறிவார்.

"தம்பி எங்கயும் போக வேணாம். அரை மணி நேரம் குடுங்க. யாருன்னு சொல்லிடறேன்," என்றார், டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்று சொல்கிறவர் போல.

9.30. முதலில் தம்பி.

"நேத்து எத்தனை பந்து தேய்ச்சீங்க?"

"அக்காவோடது மட்டும்தான். ஆயிரம் நம்பர், அப்புறம் ரெண்டாயிரம். தண்ணி தொட்டு, மேல, கீழ, சுத்தி நாலு புறம்னு ஆறு பக்கமும் திருப்பித் திருப்பி. ஆறு மணிக்குப் பூட்டிட்டேன்."

"இன்னிக்கு?"

"எட்டரைக்குத் திறந்தேன். பந்தைத் தடவிப் பார்த்தேன், நல்லா இருந்துச்சு. துணியைப் போட்டுட்டு எட்டு நாப்பதுக்கு டீ குடிக்கப் போனேன். பூட்டல. ஒம்பதுக்கு வந்தேன். துணியைத் தூக்கிப் பார்க்கல."

"அந்த இருபது நிமிஷம் உள்ள யார் யார் இருந்தாங்க?"

"மேனேஜர், மெஷின்காரர், கோச் சார். ஆட்டம் பார்க்க வர்றவங்களுக்கு வெளிக்கதவு ஒம்பதுக்குத்தான் திறந்தாங்க."

துருவி குனிந்தார். மேசைக்கடியில் தொட்டி. நேற்றைய தண்ணீர் இன்னும் கொட்டப்படாமல் கிடந்தது. அடியில் பாசி பிடித்தது போலப் பச்சையாக ஒரு வண்டல். விரலால் கலக்கிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

9.38. மேனேஜர். கட்டைவிரலில் மஞ்சள் கறை.

"இது என்ன?"

"பெயின்ட் மேடம். உருட்டறவங்க தாண்டக் கூடாத கோடு அழிஞ்சு போயிருந்துச்சு, நானே பூசினேன். போய்ப் பாருங்க, இன்னும் ஈரம்."

அக்கா அந்த மஞ்சள் கறையை முறைத்தாள். பந்தில் மஞ்சள் இருக்கிறதே. துருவி போய்க் கோட்டைத் தொட்டார். ஒட்டியது.

9.43. மெஷின்காரர். விழுந்த கட்டைகளை நிமிர்த்தி வைக்கிற இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். முழங்கை வரை நீலம்.

"கிரீஸுங்க. நீலக் கலர்லதான் வரும். நான் அந்த மெஷினுக்குப் பின்னாடி படுத்தா எந்திரிக்கவே ஒரு மணி நேரம் ஆகும்."

துருவி மோந்து பார்த்தார். கிரீஸேதான். பார்க்கத் தெரிந்தவர் மோந்தும் பார்ப்பார்.

9.48. கோச். அக்காவுக்கு நான்கு வருடம் பயிற்சி கொடுத்தவர். போன வருடம் பிரிந்து, இப்போது எதிராளிப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். வெள்ளைவெளேரென்று உடை, கழுத்தில் வெள்ளைத் துண்டு. துண்டின் ஒரு முனையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை.

"துண்டு அழகா இருக்கு சார்."

"இன்னிக்குக் காலையில பிரிச்சது. பைனலுக்குன்னு வாங்கினேன்."

"பச்சையா ஏதோ பட்டிருக்கே?"

"வாசல்ல செடி இருக்குல்ல? இலையில உரசிடுச்சு." சிரித்தார். "கறையைத் தேடறீங்கன்னா நீலமும் மஞ்சளும் தேடுங்க மேடம். பந்து அந்தக் கலர். அப்புறம், நான் உருட்டச் சொல்லிக்குடுக்கிறவன். உப்புத்தாளைக் கையில தொட்டதே இல்ல."

"அது தெரியுது," என்றார் துருவி. கோச்சுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

9.55. எல்லோரும் பட்டறையில் கூடினார்கள். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். துருவி தன் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மேசையில் விரித்தார்.

"தம்பி, புது உப்புத்தாள் ஒண்ணு எடுங்க. தண்ணி தொட்டு இந்தப் பந்துல பத்துத் தடவை தேய்ச்சு, வழியறதை இதுல துடைங்க."

தம்பி தேய்த்தான். கீறல்களுக்கு நடுவே கை பழகிய தாளத்தில் போய் வந்தது. பிறகு கைக்குட்டையால் துடைத்து விரித்துக் காட்டினான்.

பச்சை.

மேனேஜர் தன் மஞ்சள் விரலையும் மெஷின்காரரின் நீலக் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பந்தைப் பார்த்தா ரெண்டு கலர். ஆனா தேய்ச்சா நீலமும் மஞ்சளும் தண்ணியில ஒண்ணாக் கலந்துதான் வழியும்," என்றார் துருவி. "தொட்டியில நேத்தைய வண்டலும் பச்சைதான். நேத்துத் தேய்ச்சது இந்த ஒரே பந்து. இது தேய்க்கிறவங்களுக்கு மட்டும் தெரியும். உப்புத்தாளைத் தொடாதவர், கை பச்சையானதும் நல்லதாப் போச்சுன்னு நினைச்சிருப்பார். பச்சைப் பந்து இங்க ஒண்ணுகூட இல்லையே, யாரு சந்தேகப்படுவாங்க? அப்படியே துண்டுல துடைச்சுக்கிட்டார்."

"இலைன்னு சொன்னேனே," என்றார் கோச்.

"சொன்னீங்க. துண்டைக் குடுங்க." வாங்கிக் கைக்குட்டையின் மேல் பிடித்து இரண்டு சுண்டு சுண்டினார். காய்ந்த பச்சைப் பொடி பொலபொலவென்று உதிர்ந்தது. "இலைச்சாறு துணியில ஊறும் சார், உதிராது. துண்டு இன்னிக்குப் பிரிச்சதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அதனால நேத்துப் பட்ட கறைன்னும் சொல்ல முடியாது. உப்புத்தாளை மேசையிலயே விட்டுட்டுப் போனது தம்பி மேல பழி விழட்டும்னுதான்."

கோச்சின் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துவிட்டது. அவர் துருவியைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்.

"நாலு வருஷம் உன் பின்னாடி நின்னேன். போன வருஷம் கோப்பையை வாங்கிட்டு மேடையில என்ன சொன்ன? எல்லாம் என் தம்பி கையாலதான்னு. என் பேரு வாயிலயே வரல."

"அதை அன்னிக்கே என்கிட்ட கேட்டிருக்கலாம் சார்," என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. அது கோச்சுக்காக உடையவில்லை, தம்பிக்காக.

மேனேஜர் கோச்சை வெளியே அழைத்துப் போனார். புகார் எழுதித் தருவதைப் பற்றித் துருவி ஒரு வரி சொன்னார், மீதியை நாளைக்கு வைத்துக்கொண்டார்.

10.05. அக்கா ஏப்ரனை எடுத்தாள். தம்பியின் தலை வழியாக மாட்டி, பின்னால் போய் முடிச்சுப் போட்டாள். அதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

"கேக்காமலே தீர்ப்பு சொல்லிட்டேன்டா. தப்பு என்னோடது."

வாயடைத்துப் போகிறவன் இப்போது திறந்தான். "அழுகையெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம்க்கா. ஒரு மணி நேரம்கூட இல்ல. ஐநூறுல ஆரம்பிக்கணும். பந்தைப் பிடி, நான் சொல்றப்ப திருப்பு."

அவள் பிடித்தாள். அவன் தேய்த்தான். ஐநூறு, ஆயிரம், இரண்டாயிரம். ஆறு பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே எண்ணிக்கை. அக்காவுக்கு மணிக்கட்டு வரை பச்சை வழிந்தது. துருவி முதல் வரிசை இருக்கையை மறந்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினார். அந்த வேலையிலும் அவருக்குத் தன்மேல் குறைவற்ற நம்பிக்கை இருந்தது.

10.57. தம்பி கண்ணை மூடிப் பந்தைத் தடவினான். "போ," என்றான்.

அக்கா பச்சைக் கைகளை அவனுடைய ஏப்ரனில் அழுத்தித் துடைத்துவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு போனாள்.

11.04. தம்பி ஆட்டம் பார்க்கப் போகவில்லை. தொட்டித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தான். பந்து உருளும் ஓசை சுவர் வழியாக வந்தது, பிறகு கட்டைகள் சரியும் சத்தம்.

"எத்தனை?" என்றார் வாசலில் நின்ற துருவி.

அவன் நிமிரவே இல்லை. "பத்தும்."

துருவி எட்டிப் புள்ளிப் பலகையைப் பார்த்தார். பத்தும்தான்.