கால் கேட்ட ரத்தம்

மாதக்கணக்கில் சில்லிட்டுக் கிடந்த நஜ்முதீனின் வலது பாதம் அன்று மத்தியானம் இளஞ்சூடாக இருந்தது. கட்டு மாற்ற உட்கார்ந்த அவருடைய மனைவி சபீதா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அது அவர் உடம்பின் சூடு மாதிரி இல்லை. அவளுடைய உள்ளங்கைச் சூடு மாதிரியே இருந்தது.

வெளியே மாசாய் ஊர் முழுக்க மழை. அடுக்குமாடிக்குக் கீழே நிற்கும் மோட்டார்சைக்கிள்களின் மேல் அது ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்க, அறைக்குள் மருந்து வாடையும் ஈரத்துணி வாடையும், அவற்றுக்கு அடியில் புதிதாக ஓர் இரும்பு வாடையும் தேங்கி நின்றன.

சர்க்கரை வியாதி தின்ற கால். கணுக்காலோடு எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நஜ்முதீனின் வாப்பாவுக்கும் அப்படித்தான் எடுத்தார்கள். வெட்டிய காலைத் துணியில் சுற்றி மையவாடிக்குத் தூக்கிப்போய்ப் புதைத்தது நஜ்முதீன்தான். "என் காலை எனக்கு முன்னாடி அங்க அனுப்பிராத புள்ள," என்று மனைவியிடம் கெஞ்சினார். அதனால்தான் தனியார் கிளினிக்கின் சோதனைக் களிம்புக்கு அவள் தலையாட்டினாள்.

"புது ரத்தக்குழாய் முளைக்கணும் அக்கா," என்று அங்கே நர்ஸ் லோஷினி விளக்கியிருந்தாள். "நுனியில உள்ள செல் ரெண்டா பிரியும். பெருசு முன்னால ஓடும், சின்னது பின்னால நின்னு குழாயாகும். ரத்தம் இல்லாம தவிக்கிற சதை கூப்பிடும், இது தேடிப் போகும். கிளவுஸ் போட்டுத்தான் தடவணும், மறந்துராதீங்க."

முதல் நாளே கையுறையைப் பார்த்து அவர் முகம் சுண்டிப்போயிற்று. "அருவருப்பா இருக்கா?" என்றார். கட்டிய புருஷன் அப்படிக் கேட்டால் எவளுக்குத்தான் மனசு பொறுக்கும்? கழற்றிப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து வெறும் விரல்தான்.

இன்று கட்டைப் பிரித்ததும், கறுத்துக் கிடந்த புண் ரோஜா நிறத்தில் தெரிந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று கண் கலங்கினாள். களிம்பைத் தடவிவிட்டுக் கையை எடுத்தாள்.

கை வரவில்லை.

ஆள்காட்டி விரலுக்கும் புண்ணுக்கும் நடுவே ஒரு சிவப்பு இழை. கட்டுத்துணியின் நூல் என்றுதான் நினைத்தாள். இழுத்தாள். நகத்துக்கு அடியிலிருந்து மணிக்கட்டு வரை சுண்டி வலித்தது.

புண்ணில் முளைத்ததுதான் தன் மேல் ஒட்டிக்கொண்டது என்று கத்தரிக்கோலை எடுத்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். வேர் அவள் விரலில் இருந்தது. நுனிதான் அவர் காலுக்குள்.

வெட்டினாள்.

பாதம் வெளுத்தது. அறுந்த நுனி உப்பியது. பிரிந்தது. மறுபடி பிரிந்தது. பெரியவை முன்னால் ஓடின.

கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

"என்ன சபீ?" நஜ்முதீன் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க."

"காலுக்கு இப்பத்தான் உசுரு வந்திருக்கு. கையை எடுக்காத லா."

எழுந்து ஓடியிருக்கலாம். இழைகள் இன்னும் மெல்லியவைதான். ஓடினால் அந்தக் கால் மையவாடிக்குப் போகும். பயத்தில் அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் உட்கார்ந்தே இருந்தாள்.

விரல்கள் மரத்தன. நகங்கள் நீலம். முழங்கை வரை குளிர். நெஞ்சு படபடவென்று அடித்தது. அதே படபடப்பு அவருடைய கால் பெருவிரலிலும்.

அவர் தூக்கத்தில் சிரித்தார். போர்வை அசைந்தது. அதற்குள்ளிருந்து அவருடைய இடது கால் மெல்ல நகர்ந்து வந்து, அவள் மடியில் ஏறிப் படுத்தது. அதன் விரல்கள் ஐந்தும் கறுத்திருந்தன.